பெயர் ஒன்று, கப்பல் மூன்று: நீராவிக் கப்பல் ஓவியங்களைத் தொகுத்தலும் ஆராய்தலும்

முன்னுரை

திருப்பூரில் கடல் இல்லை. நொய்யல் ஒன்றே உண்டு. அதுவும் மழைக்காலத்தில்தான் ஆறு எனச் சொல்லத்தக்க நிலையில் ஓடுகிறது. ஆயினும் இவ்வூரின் வாழ்வு கடலை நம்பியே நடைபெறுகிறது. இங்கே பின்னி, சாயமேற்றி, தைத்து, பெட்டியில் அடைக்கும் ஆடைகள் லாரிகளில் ஏறித் தூத்துக்குடி சென்று, அங்கிருந்து கப்பல் வழியே அயல்நாடு சேர்கின்றன. அத்துறைமுகம் 2011 முதல் வ.உ. சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆகவே, கப்பலைப் பற்றிய ஆராய்ச்சி நெய்தல் நிலத்தார்க்கு மட்டும் உரியது. கொங்கு நாட்டார்க்கு அதில் வேலை இல்லை என்று ஒதுங்கிவிட இயலாது.

கடல்வழி வரலாற்றை அறிய ஆவணங்கள் உண்டு. பயணிகளின் குறிப்புகள் உண்டு. இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க மற்றொரு சான்று கப்பல் ஓவியம் ஆகும். சிறப்பாக, 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஓடிய நீராவிக் கப்பல்களின் ஓவியங்களைத் தேடித் தொகுப்பது மேலைநாடுகளில் ஒரு கலையாகவே வளர்ந்துள்ளது. நம்மிடையே அம்முயற்சி மிகக் குறைவு. அவ்வோவியங்கள் எவ்வாறு தோன்றின, அவற்றை எவ்வாறு ஆராய்ந்து தொகுத்தல் வேண்டும், நம் வட்டாரத்தில் எவற்றைத் தேடலாம் என்பனவற்றை மாணவர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு தவறும் அது தந்த பாடமும்

இப்பொருளில் நாம் புகுந்தது ஒரு தவற்றின் வாயிலாகவே. அதனை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் துறை மாணவர்கள் தமிழரின் கடல் வாணிகம் பற்றி ஒரு சிறு கண்காட்சி நடத்தினர். அதற்கென நாம் பழம்பொருள் கடை ஒன்றிலிருந்து சட்டமிட்ட கப்பல் படம் ஒன்றை வாங்கி வந்தோம். அலைகளின் நடுவே புகை கக்கிச் செல்லும் நீராவிக் கப்பல். அதன் கீழே ஆங்கில எழுத்தில் 'காலியா' என்னும் பெயர். அப்பெயரைக் கண்டதும் நமக்கு வேறு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. "வ.உ.சி. ஓட்டிய எஸ்.எஸ். காலியா" என்று கொட்டை எழுத்தில் எழுதி, கண்காட்சியின் வாயிலிலேயே வைத்தோம். வந்தவர் அனைவரும் அதன்முன் நின்றனர். ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் பேரனைத் தூக்கி அப்படத்தைக் காட்டி, "நம் நாட்டுக் கப்பல் இதுதான், நன்றாகப் பார்த்துக்கொள்" என்றார். அது கேட்டு நாம் பெருமிதம் அடைந்தோம்.

மறுநாள் இரண்டாமாண்டு மாணவி ஒருவர் நம்மிடம் வந்து, "ஐயா, இது கையால் வரைந்ததா, அச்சடித்ததா?" என்று வினவினார். அவர் கையில் துணியின் கண்ணிகளை எண்ணிப் பார்க்கும் சிறு மடக்குக் கண்ணாடி இருந்தது. அவருடைய தந்தையார் பனியன் கம்பெனியில் துணியைச் சரிபார்க்கும் பணியில் இருப்பவர். அக்கண்ணாடியைப் படத்தின்மீது வைத்தபோது, கடலின் நீலமும் வானின் சாம்பல் நிறமும் நுண்ணிய புள்ளிகளாகப் பிரிந்து தெரிந்தன. அது தூரிகை வேலை அன்று, அண்மைக்கால அச்சு. சட்டத்தைக் கழற்றியபோது, அட்டையால் மறைக்கப்பட்டிருந்த ஓரத்தில் 'கூனார்டு' என்னும் ஆங்கிலேயக் கப்பல் குழுமத்தின் பெயர் வெளிப்பட்டது. நாம் காட்டியது வ.உ.சி.யின் கப்பல் அன்று.

படத்தை அன்றே அகற்றிவிட்டோம். ஆனால் அப்பெரியவரும் அவர் பேரனும் கண்டு சென்ற காட்சியை எவ்வாறு அகற்றுவது? இவ்வினா நம்மை விட்டு நீங்கவில்லை. தவறான பெயரிட்ட படம் அறியாமையினும் தீது. அறியாதவன் தேடுவான், தவறாக அறிந்தவன் தேடலையே நிறுத்திவிடுவான் என்பதை அன்று உணர்ந்தோம்.

கப்பலை வரையும் மரபு

கப்பலை ஓவியமாகத் தீட்டும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. கலம், நாவாய், வங்கம், தோணி, மரக்கலம் எனப் பல பெயர்களால் வேறுபடுத்திச் சொல்லும் அளவுக்குத் தமிழர் கடற்கலங்களை அறிந்திருந்தனர். சாதவாகனர் நாணயங்கள் சிலவற்றில் இரு பாய்மரங்களை உடைய கப்பல் பொறிக்கப்பட்டுள்ளது. அசந்தாவின் இரண்டாம் குகையில் மூன்று பாய்மரக் கப்பல் தீட்டப்பட்டுள்ளது.

நம் தமிழகத்திலேயே, திருநெல்வேலிப் பகுதியில் உள்ள திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உட்புறச் சுவர்களில் கப்பல் ஓவியம் ஒன்று உள்ளது. அரபு நாட்டு வணிகரும் அவர்கள் கொணர்ந்த குதிரைகளும் அதில் இடம்பெற்றுள்ளனர். சிவன் கோயில் கோபுரத்தில் அரபு வணிகரின் கப்பலை ஓவியன் தீட்டியிருப்பது, கடல் வாணிகம் மக்களை எவ்வளவு நெருக்கமாகப் பிணைத்திருந்தது என்பதற்குச் சான்றாகும். கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் போன்ற துறைகளில் வாழ்ந்த மரக்காயர்கள் கப்பல் உடைமையாளராக விளங்கியதும் ஈண்டு நினையத்தக்கது. நாகூர்க் கந்தூரியின் கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவ ஊர்திகள் இன்றும் இழுத்துச் செல்லப்படுகின்றன. கடலை விட்டுப் பிரியாத சமுதாயம் தன் விழாவிலும் கப்பலை விடவில்லை.

இவையெல்லாம் பாய்மரக் கப்பல்களைச் சார்ந்தவை. நீராவிக் கப்பலின் வருகையோடு ஓவியத்தின் பயனும் மாறியது.

நீராவிக் கப்பலும் அதன் ஓவியரும்

1825-இல் 'எண்டர்பிரைஸ்' என்னும் நீராவிக் கப்பல் இங்கிலாந்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்தது. பயணம் ஏறத்தாழ 113 நாள்கள் நீடித்தது. நீராவி இயங்காத நாள்களில் அக்கப்பல் பாயையே நம்பியது. தொடக்க கால நீராவிக் கப்பல்கள் இருபுறமும் பெருஞ்சக்கரங்களை உடையன. பின்னர் நீருக்குள் சுழலும் திருகு விசிறி வந்தது. 1843-இல் வெள்ளோட்டம் விடப்பட்ட 'கிரேட் பிரிட்டன்', இரும்பாலான உடலும் திருகு விசிறியும் கொண்டு பெருங்கடல் கடந்த முன்னோடிக் கப்பலாகும். 1869-இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டபின் இந்தியக் கடலில் நீராவிக் கப்பல்களின் போக்குவரத்து பெருகியது.

கப்பல் பெருகப் பெருக அதன் உருவத்தை வரைந்து தரும் ஓவியரும் பெருகினர். மனிதருக்கு உருவப்படம் வரைவது போலக் கப்பலுக்கும் உருவப்படம் வரைவது தனித் தொழிலாயிற்று. வண்ண நிழற்படம் இல்லாத காலம் அது. கப்பலின் தலைவரும் உடைமையாளரும் தம் கப்பலின் தோற்றத்தை இல்லத்திலும் அலுவலகத்திலும் மாட்டிவைக்க விரும்பினர். லிவர்பூலில் சாமுவேல் வால்டர்ஸ் (1811–1882) இத்துறையில் புகழ்பெற்றார். டென்மார்க்கின் கோபன்கேகனில் 1850-இல் பிறந்து, 1873-இல் அமெரிக்கா சென்ற அன்டோனியோ ஜேக்கப்சன், 1921-இல் இறக்கும் வரை ஏறத்தாழ 6,000 கப்பல் ஓவியங்களைத் தீட்டினார் என மதிப்பிடுவர். பல ஓவியங்களில் கையொப்பத்தோடு ஆண்டையும் தம் முகவரியையும் எழுதிவைத்தார். அப்பழக்கம் இன்றைய ஆராய்ச்சியாளர்க்குப் பெருந்துணையாக உள்ளது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து நியூபோர்ட் நியூஸ் நகரிலுள்ள மரினர்ஸ் அருங்காட்சியகத்தில் அவருடைய ஓவியங்கள் பெருந்தொகையாக உள்ளன.

நம் நாட்டிலும் இத்தொழில் நடைபெற்றது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கல்கத்தாவில் லாய் ஃபோங் என்னும் சீன ஓவியர், துறைமுகத்திற்கு வந்த கப்பல்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து தந்தார். வேற்றுநாட்டுக் கப்பலின் உருவம், இந்தியத் துறைமுகத்தில், சீனக் கைவண்ணத்தில் உருவாகி, மீண்டும் கடல் கடந்து சென்றது. இந்திய மண்ணில் பிறந்த அவ்வோவியங்கள் இன்று மேலைநாட்டு ஏலங்களில் விலைபோகின்றன.

இவ்வோவியங்கள் ஓர் இலக்கணத்துக்கு உட்பட்டவை. கப்பல் முழுமையாகத் தெரியுமாறு பக்கவாட்டில் நிற்கும். பின்புறத்தில் நாட்டுக் கொடி, நடுவே குழுமக் கொடி, முன்மரத்தில் செல்லும் நாட்டின் கொடி எனக் கொடிகள் பறக்கும். பாய்மரக் கயிறு ஒன்று பிழையாக இருப்பினும் கப்பல் தலைவர் கண்டுகொள்வார். காசு கொடுக்க மறுப்பார். ஆதலின் இவ்வோவியர்கள் கற்பனையைக் குறைத்துக் கணக்கைப் பெருக்கினர். கலைத்திறனாய்வாளர் இவர்களை உயர்வாக மதியாமைக்கும், வரலாற்றாசிரியர் மதித்தமைக்கும் இதுவே காரணம்.

இதற்கு மறுதலையாக டர்னரின் புகழ்பெற்ற ஓவியத்தைக் காட்டலாம். 'டெமரேர்' என்னும் பழம்போர்க்கப்பலை நீராவிப் படகு உடைப்பிடத்திற்கு இழுத்துச் செல்லும் காட்சியை அவர் 1839-இல் காட்சிக்கு வைத்தார். உண்மையில் 1838-இல் அது இழுக்கப்பட்டபோது அதன் பாய்மரங்கள் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தன. ஓவியத்திலோ அவை வானளாவி நிற்கின்றன. பாய்மரக் காலம் முடிந்து நீராவிக் காலம் பிறந்த துயரை அவ்வோவியம் உணர்த்துகிறது. அக்கப்பலின் அன்றைய நிலையை உணர்த்தவில்லை. தொகுப்போர் தம் கையில் இருப்பது எவ்வகை ஓவியம் என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

சுதேசிக் கப்பல்

தமிழர் காண விரும்பும் நீராவிக் கப்பல் எது என்று கேட்டால், வ.உ.சி.யின் கப்பல் என்பதே விடையாக வரும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கும்பினி தனியாட்சி செலுத்திய காலத்தில், 1906 அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் கும்பினி பதிவு செய்யப்பட்டது. பங்கு ஒன்று 25 ரூபாய், பங்குகள் 40,000, மூலதனம் பத்து லட்சம் ரூபாய். மதுரைத் தமிழ்ச் சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் இரண்டு லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கினார். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு முஸ்லிம் வணிகரின் கையிலிருந்து வந்தது என்பதை இக்கல்லூரி மாணவர்கள் மறவாதிருத்தல் வேண்டும். 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடியை அடைந்தன.

அயல்நாட்டுக் கும்பினி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கும்பினியும் குறைத்தது. பின்னர் அயல்நாட்டார் இலவசமாகவே ஏற்றிச் சென்றனர் என்றும், குடையும் கொடுத்தனர் என்றும் சொல்வர். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். நமக்கு அணித்தான கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுத்த கதையைக் கொங்கு நாட்டார் எவரும் அறிவர். 1911-இல் கும்பினி கலைக்கப்பட்டது. 1912 இறுதியில் விடுதலையாகி அவர் வெளியே வந்தபோது அவருக்குக் கப்பலும் இல்லை, கும்பினியும் இல்லை.

கப்பல் இல்லாது போயிற்று. அதன் உருவமேனும் நம்மிடம் நிலைத்திருக்க வேண்டும் என்ற வேட்கை தமிழர்க்கு இயல்பானதே. 1961-இல் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' திரைப்படம் அவ்வேட்கையை ஓரளவு தணித்தது. நம்மில் பெரும்பாலோர் மனத்தில் மிதக்கும் சுதேசிக் கப்பல் அத்திரைப்படத்தின் கப்பலே ஆகும். பள்ளிச் சுவர்களிலும் விழா மேடைகளிலும் தீட்டப்படும் கப்பல்கள் ஓவியர்தம் பத்திமையில் பிறந்தவை. அவற்றைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. ஆனால் அவற்றைச் சான்று எனக் கொள்ளலாகாது.

மூன்று காலியாக்கள்

இனி நம் கண்காட்சிப் படத்திற்கு வருவோம். 'காலியா' என்பது பிரான்சு நாட்டின் பழம்பெயர். அப்பெயரைக் கப்பலுக்கு இட்டவர் பலர். அவற்றுள் மூன்றை மட்டும் ஈண்டு ஒப்பிடுவோம்.

முதலாவது, கூனார்டு குழுமத்தின் காலியா. 1878-இல் கட்டப்பட்டு 1879-இல் அட்லாண்டிக் கடலில் ஓடத் தொடங்கியது. ஒரு புகைபோக்கியும் மூன்று பாய்மரங்களும் உடையது. 1899-இல் கனடா நாட்டில் தரைதட்டி, 1900-இல் உடைக்கப்பட்டது. இரண்டாவது, 1907-இல் தூத்துக்குடிக்கு வந்த சுதேசிக் காலியா. மூன்றாவது, 1913-இல் வெள்ளோட்டம் கண்ட பிரெஞ்சுப் பயணிகள் கப்பல். மூன்று புகைபோக்கிகளை உடைய அது, முதல் உலகப் போரின்போது 1916 அக்டோபர் 4-ஆம் நாள் மத்தியதரைக் கடலில் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டுப் பல நூறு உயிர்களோடு மூழ்கியது.

முதற்கப்பல் உடைபட்டு ஏழாண்டுகள் கழிந்தபின்னரே சுதேசிக் கப்பல் வந்தது. சுதேசிக் கும்பினி கலைக்கப்பட்டு ஈராண்டுகள் கழிந்தபின்னரே மூன்றாம் கப்பல் கடலில் இறங்கியது. ஆகவே முதலாவதும் மூன்றாவதும் வ.உ.சி.யின் கப்பலாக இருத்தல் எவ்வாற்றானும் இயலாது. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தாலே விளங்கிவிடும் இவ்வுண்மையை நாம் அன்று பார்க்கத் தவறினோம். கூனார்டு, பெரும்புகழ் வாய்ந்த குழுமம். அதன் கப்பல்களுக்கு ஓவியங்களும் அச்சுப்படங்களும் மிகுதி. சுதேசிக் கும்பினியோ சில ஆண்டுகளே வாழ்ந்தது. எனவே 'காலியா' என்று தேடுவோர் கையில் பிற கப்பலின் படமே முந்திவந்து சேரும். இலக்கியத்தில் ஒரே பெயருடைய புலவர் பலரை ஒருவராக மயங்குவதை நாம் கண்டிருக்கிறோம். ஔவையார் ஒருவரா, பலரா என்று ஆராய்ந்த தமிழ் மாணவர்க்குக் கப்பல் பெயர் மயக்கம் புதிதாகாது.

ஆராயும் முறை

கப்பல் படம் ஒன்று கையில் கிடைத்தால் பின்வரும் முறையில் ஆராய்தல் நலம் பயக்கும்.

முதலில் பொருளை நோக்குக. துணியின்மீது தீட்டிய எண்ணெய் ஓவியமா, கல்லச்சு வண்ணப்படமா, நாட்காட்டித் தாளா என்று தெளிக. உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒழுங்கான புள்ளி வரிசைகள் தெரியின் அது பிற்கால அச்சு. அச்சுப்படம் என்பதனால் மதிப்பற்றது என்று எண்ணற்க. அதன் காலம் வேறு, அது காட்டும் கப்பலின் காலம் வேறு என்பதே அறிய வேண்டுவது.

இரண்டாவதாகக் கப்பலின் உறுப்புகளை நோக்குக. பக்கச் சக்கரம் உண்டா? பாய்மரங்களில் பாய் கட்டும் குறுக்குக் கழிகள் உள்ளனவா? பொறிகளின் ஆற்றல் பெருகப் பெருகப் பாய்கள் தேவையற்றுப் போயின. ஆகவே குறுக்குக் கழிகள் நிறைந்த நீராவிக் கப்பல் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டினது. கப்பலின் பக்கத்தில் வட்டமும் அதன் ஊடே கோடும் உள்ளனவா? சரக்கேற்றும் அளவைக் காட்டும் அக்குறி, 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பிரித்தானியக் கப்பல்களில் கட்டாயமாயிற்று.

மூன்றாவதாகப் புகைபோக்கியின் நிறத்தையும் கொடியையும் நோக்குக. ஒவ்வொரு குழுமத்துக்கும் தனி நிறம் உண்டு. கூனார்டுக்குச் சிவப்பும் மேலே கறுப்பும். பிரிட்டிஷ் இந்தியா கும்பினிக்குக் கறுப்பில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். ஊர்வலத்தில் கொடியைக் கண்டு கட்சியை அறிவது போலப் புகைபோக்கியைக் கண்டு குழுமத்தை அறியலாம்.

நான்காவதாகச் சூழலை நோக்குக. பழைய தூத்துக்குடித் துறையில் ஆழம் போதாமையால் நீராவிக் கப்பல்கள் கரைக்குப் பல கல் தொலைவில் நங்கூரமிட்டன. ஆளும் சரக்கும் தோணிகளில் சென்றே ஏறின. அக்காலத் தூத்துக்குடி எனக் காட்டும் படத்தில் பெருங்கப்பல் கரையோடு ஒட்டி நின்றால் ஐயுறுக.

ஐந்தாவதாகப் படத்தின் பின்புறத்தை நோக்குக. சட்டம் செய்த கடையின் சீட்டு, விலை, கையெழுத்து, நாள் ஆகியன பின்புறத்திலேயே ஒளிந்திருக்கும். படம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்னும் கைமாற்ற வரலாற்றை அன்றே எழுதிவைக்க வேண்டும். ஏட்டுச் சுவடிக்குக் கடைக்குறிப்பு எத்துணை இன்றியமையாததோ, படத்துக்கு இதுவும் அத்துணை இன்றியமையாதது.

பாதுகாப்பு முறைகளையும் சுருங்கக் கூறுவோம். தாள் படத்தை வெயில்படும் சுவரில் மாட்டற்க. கண்ணாடி படத்தின்மீது ஒட்டாதவாறு இடைவெளி விடுக. கிழிசலை ஒட்டும் நாடாவால் ஒட்டற்க. அதன் பசை நாளடைவில் தாளைப் பழுப்பாக்கும். எண்ணெய் ஓவியத்தை ஈரத் துணியால் துடைப்பதும், பளபளப்புக்காக எண்ணெய் பூசுவதும் பெருங்கேடு. மேலும், நூறாண்டுக்கு மேற்பட்ட ஓவியங்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி தொல்பொருள்கள் ஆகும். அவற்றைத் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்புதல் குற்றம் என்பதையும் தொகுப்போர் அறிதல் வேண்டும்.

நம் வட்டாரத்தில் தேடத்தக்கவை

ஜேக்கப்சனின் ஓவியத்தையோ லாய் ஃபோங்கின் ஓவியத்தையோ விலைகொடுத்து வாங்குதல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் எட்டாத செயல். ஆயினும் எட்டக்கூடியவை பல நம்மைச் சூழ்ந்துள்ளன. மான்செஸ்டர் ஆலைகள் இந்தியாவுக்கு அனுப்பிய துணிகளில் வண்ணச் சீட்டுகள் ஒட்டப்பட்டன. தெய்வங்கள், விலங்குகள், கப்பல்கள் எனப் பல உருவங்கள் அவற்றில் அச்சிடப்பட்டன. பழைய ஜவுளிக் குடும்பங்களின் கணக்குப் புத்தகங்களுக்கிடையே அவை இன்றும் கிடைக்கக்கூடும். கப்பல் முகவர்கள் வழங்கிய நாட்காட்டிகள், பயணச்சீட்டுகள், அஞ்சலட்டைகள் ஆகியனவும் தொகுக்கத்தக்கன.

திருப்பூரின் பின்னலாடைத் தொழில் 1925-இல் குலாம் காதர் என்பவர் தொடங்கிய கூடத்திலிருந்து வளர்ந்தது எனத் தொழில் வரலாற்றாசிரியர் குறிப்பர். அன்று முதல் இன்றுவரை பல ஊர்களிலிருந்து குடும்பங்கள் இங்கே வந்து குடியேறியுள்ளன. அவர்களுள் கடற்கரை ஊரினர் உளர். கொழும்பு, ரங்கூன், பினாங்கு கண்டு மீண்டோரின் வழியினரும் உளர். அவர்தம் வீட்டுச் சுவர்களே நாம் தேட வேண்டிய அருங்காட்சியகங்கள்.

1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட 'ராஜுலா' என்னும் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழித்தடத்தில் 1973 வரை ஓடியது. தமிழகத்திலிருந்து மலாயா சென்றோரில் பல்லாயிரவர் அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்றவர்கள். பின்னர் அவ்வழியில் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985-இல் தீவிபத்துக்கு உள்ளாயிற்று. அதனோடு அப்பயணிகள் கப்பல் போக்குவரத்தும் முடிவுற்றது. அக்கப்பல்களில் சென்றவர்கள் இன்று முதுமையின் எல்லையில் உள்ளனர். படம் எஞ்சினாலும், "இந்த இடத்தில்தான் நாங்கள் சமைத்தோம்; இந்தப் படியில்தான் என் தங்கை விழுந்தாள்" என்று விரல் வைத்துச் சொல்வோர் இனி எத்தனை ஆண்டு இருப்பர்?

முடிவுரை

தவறு தெரிந்த பின்னர் நாம் அப்பெரியவரின் இல்லம் தேடிச் சென்று நிகழ்ந்ததைக் கூறினோம். அவர் சினம் கொள்வார் என அஞ்சியே சென்றோம். அவரோ சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்படியென்றால் நம் கப்பல் எப்படி இருந்தது, தம்பி?" என்று கேட்டார். "இன்னும் தேட வேண்டும், ஐயா" என்பதைத் தவிர நம்மிடம் விடை இல்லை.

அவர் உள்ளே சென்று புகைபடிந்த சட்டமொன்றைக் கொணர்ந்தார். அச்சிட்ட கப்பல் படம். கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். கீழே ராஜுலா என்னும் பெயர். நாகூரைச் சேர்ந்த அவர் தந்தையார் வாங்கி வந்தது. பின்புறத்தில் அரபுத்தமிழில் ஏதோ எழுதியிருந்தது. பெரியவருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. அரபுத் துறை நண்பர் படித்துக் கூறினார். இந்தக் கப்பலில் பினாங்கு சென்றேன் என்பதும், ஹிஜ்ரி 1370 என்னும் ஆண்டும் அதில் இருந்தன. கிறித்தவ ஆண்டில் 1950 அல்லது 1951. தந்தையின் கையெழுத்து எழுபதாண்டுகளாகச் சுவரை நோக்கியே இருந்திருக்கிறது. அதனைப் படிக்கக் கேட்டபோது பெரியவரின் கண்கள் கலங்கின. தாம் பிறப்பதற்கு முன்னரே தந்தையார் கடல் கடந்து மீண்டவர் என்பதை அவர் அன்றுதான் அறிந்தார்.

ராஜுலா எந்தக் கும்பினியின் கப்பல்? வ.உ.சி. எதிர்த்து நின்ற அதே பிரிட்டிஷ் இந்தியா கும்பினியின் கப்பல். அதனால் அப்படம் நமக்கு அயலாகிவிடுமா? சுதேசிக் கப்பல் அழிக்கப்பட்டமையால் நம்மவர் ஏறிச் செல்ல நேர்ந்த கப்பல் அது. வ.உ.சி. இழந்தது என்ன என்பதை அப்படமும் தன் வழியில் உரைக்கிறது. தொகுப்போன் தான் விரும்பும் படங்களை மட்டுமே திரட்டினால் அது அலங்காரம் ஆகும். உண்மையைக் கூறும் படங்களையும் உடன் வைத்தால்தான் அது வரலாறு ஆகும்.

அடுத்த கண்காட்சியில் இரு படங்களையும் அருகருகே வைத்தோம். முதற்படத்தின் கீழ், "கூனார்டு குழுமத்தின் காலியா. வ.உ.சி.யின் கப்பல் என நாம் முன்னர் எழுதியது பிழை" என்று அம்மாணவியே தம் கையால் எழுதினார். மூன்றாவதாக ஒரு வெறுஞ்சட்டத்தையும் மாட்டினோம். அதன் கீழே "சுதேசிக் காலியா, 1907" என்று மட்டும் எழுதியிருந்தது. பெரியவர் தம் பேரனை மீண்டும் அழைத்து வந்தார். இம்முறை அவனைத் தூக்கிக் காட்டியது அந்த வெறுஞ்சட்டத்தைத்தான்.

மாணவர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் இல்லத்துச் சுவர்களைப் பாருங்கள். பெரியோர்களே, வீடு இடிக்கும் நாளில் பழைய சட்டங்களைக் காயலான் கடைக்குப் போடுமுன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அந்த வெறுஞ்சட்டம் இன்றும் நம் துறை அறையில் தொங்குகிறது.